புரூனாவின் நாக்கு

ரனூச்சோ பிரபு ஊரைவிட்டு ஓடிவிட்டான் என்ற செய்தி வந்தபோது தத்தேயா வாசலில் உட்கார்ந்து கோழிக்கு இறகு பிடுங்கிக்கொண்டிருந்தாள். ரோமாபுரியில் இருந்த அவனுடைய பெரியப்பா, அந்தக் கர்தினால், கண்ணை மூடிவிட்டாராம். இனிச் சம்பளம் வராது என்று தெரிந்ததும் கோட்டைக் காவலர்கள் கம்பி நீட்டிவிட்டார்களாம். மிச்சமிருந்த சிலரைக் கூட்டிக்கொண்டு பிரபுவும் பின்வாசல் வழியாக மலையிறங்கிவிட்டானாம். தெருவே கத்திக்கொண்டு ஓடியது. தத்தேயாவும் பாதி உரித்த கோழியைக் கையில் பிடித்தபடியே ஓடினாள்.

சதுக்கத்தில் கால் வைக்க இடமில்லை. கோயிலுக்கு எதிரே உயரமான கல்மேடையில் வெண்கல ரனூச்சோ நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். வலது கை மேலே தூக்கியிருந்தது. ஆசீர்வாதமா, அடிக்க ஓங்குவதா என்று சிலை வைத்த புதிதில் ஊருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அடுத்த வரி போட்டதும் தெளிந்துவிட்டது.

அந்தச் சிலை எதனால் ஆனது என்பது ரோக்கஃபெர்ராவில் கைக்குழந்தைக்கும் தெரியும். முன்பு கோயில் கோபுரத்தில் புரூனா என்றொரு மணி இருந்தது. பிறந்தாலும் புரூனா, கல்யாணத்துக்கும் புரூனா, செத்தாலும் புரூனா. ஆலங்கட்டி மேகம் திரண்டால் விரட்டுவதும் அவள்தான். உப்புக்கு வரி போட்ட அன்று யாரோ அவளை அடித்து ஊரைக் கூட்டினார்கள். மறுநாளே ரனூச்சோ மணியைக் கீழே இறக்கினான். "என்னை எதிர்த்துக் கத்தின வாய என் வாயாவே மாத்திக் காட்டுறேன்" என்று சொல்லி, அதை உருக்கித் தன் உருவத்தை வார்க்கச் சொன்னான். மணி வெண்கலம் போதாதென்று வீடுவீடாகப் புகுந்து செம்பு அண்டாக்களையும் காவலர்கள் அள்ளிப்போனார்கள்.

உருக்கி ஊற்றியவன் தத்தேயாவின் புருஷன் கஸ்பாரே. கழுத்தில் கத்தியை வைத்துத்தான் செய்ய வைத்தார்கள். ஆனாலும் அன்றிலிருந்து ஊரில் ஒருவரும் அவனிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பக்கத்து ஊர்க்காரர்களுக்கு உரலும் விளக்குத்தண்டும் வார்த்துக்கொடுத்துத்தான் அடுப்பு எரிந்தது. தத்தேயா கிணற்றடிக்குப் போனால், "வழி விடுங்கடி, மணிய முழுங்கினவன் பொண்டாட்டி வர்றா" என்பார்கள். அவளும் சும்மா வருவதில்லை. குடம் நிரம்புவதற்குள் நாலு பேரையாவது அழவைத்துவிட்டுத்தான் வருவாள்.

இப்போது அந்தச் சிலையின் கழுத்திலும் ஓங்கிய கையிலும் கயிறு போட்டுப் பாதி ஊர் இழுத்துக்கொண்டிருந்தது. சிலை அசையவில்லை. முன்னால் நின்று "ஏலே, ஒண்ணா இழுங்க!" என்று கத்திக்கொண்டிருந்தவன் எர்கொலானோ. ஒரு காலத்தில் கூலிப்படையில் ஈட்டி பிடித்தவன். ஊர்க்காவலுக்குத் தலைவன் என்று தன்னைத்தானே நியமித்துக்கொண்டு வருஷக்கணக்காயிற்று. கயிறு அறுந்து பாதிப் பேர் மல்லாந்து விழுந்தார்கள். சிரிப்பும் திட்டுமாகச் சதுக்கம் அதிர்ந்தது.

"இழுத்தா வராது!" என்று தத்தேயா கத்தினாள். "காலுக்கடியில இரும்பு முளை வெச்சு ஈயம் ஊத்தியிருக்கு. நாளைக்கு வரைக்கும் இழுத்தாலும் உங்க இடுப்புதான் போகும்."

"அப்போ உன் புருஷனைக் கூப்பிடு. நட்டவன்தானே பிடுங்கணும்?" என்றாள் ரொட்டிக்காரி ஜெந்திலே. கிணற்றடியில் முதல் குரல் எப்போதும் அவளுடையதுதான்.

"இத்தனை வருஷம் அவர் பேரைச் சொல்ல உன் நாக்கு கூசுச்சே. இப்ப மட்டும் எப்படிடி இனிக்குது?" என்று சொல்லிக்கொண்டே தத்தேயா கோழியை ஜெந்திலேயின் கையில் திணித்துவிட்டு உலைக்கூடத்துக்கு ஓடினாள்.

கஸ்பாரே மணல் குவியல்மேல் உட்கார்ந்து ஒன்றும் நடக்காததுபோல் கொக்கி ஒன்றை அராவிக்கொண்டிருந்தான்.

"எந்திரிங்க! ஊரே உங்களைத் தேடுது."

"அடிக்கவா?"

"அடிக்கத்தான். உங்களை இல்ல, அவனை. உளியை எடுங்க, சீக்கிரம்!"

கஸ்பாரே உளியையும் சம்மட்டியையும் எடுத்துக்கொண்டு வந்தபோது கூட்டம் விலகி வழிவிட்டது. அவன் யாரையும் பார்க்கவில்லை. மேடைமேல் ஏறி, வெண்கலப் பாதத்துக்கு அடியில் ஈயத்தைக் கொத்தி எடுத்து, முளைகளை ஒவ்வொன்றாக வெட்டினான். பிறகு இறங்கி வந்து கயிற்றின் நுனியைப் பிடித்தான். அவனுக்கு இந்தப் பக்கம் தத்தேயா, அந்தப் பக்கம் எர்கொலானோ.

"இப்ப இழுங்க" என்றான்.

வெண்கல ரனூச்சோ மெதுவாக முன்னால் குனிந்தான். யாருக்கோ வணக்கம் சொல்வதுபோல் இருந்தது. அடுத்த நொடி தலைகுப்புறக் கல்தரையில் விழுந்தான். காது அடைத்துப்போயிற்று. ஊர் கத்திய கத்தலில் புறாக்கள் எல்லாம் கோபுரத்தை விட்டுப் பறந்தன. உருண்ட சிலை நிற்கும்போது அதன் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. டங். மறுபடி, டங்.

கத்தல் அப்படியே நின்றது.

"உள்ளே யாரோ தட்றாங்க" என்றாள் ஜெந்திலே, கோழியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

"சாத்தானா இருக்கும். இவன் வயித்துல வேற யாரு குடியிருப்பா?" என்றான் ஒருவன். பங்குச்சாமியார் தோன் ப்ரோஸ்பெரோ தீர்த்தச் செம்பை எடுத்துவர ஆள் அனுப்பினார். தத்தேயா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் முகம் வெளுத்திருந்தது. ஆனால் பயந்த முகமாக இல்லை.

எர்கொலானோ மேடைமேல் தாவி ஏறினான். "சாத்தானை அப்புறம் பாத்துக்கலாம். நான் சொல்றதைக் கேளுங்க. ரனூச்சோ சும்மா போகல. கூலிப்படை பிடிக்கப் போயிருக்கான். திராட்சை அறுக்குறதுக்குள்ள திரும்பி வருவான், இங்க வேணாப் பந்தயம் கட்டுறேன். வர்றவனுக்கு என்ன பதில் சொல்லப் போறோம்? இத்தனை வெண்கலம் தரையில கெடக்கு. பீரங்கி ஊத்துங்க! அவன் மூஞ்சிய உருக்கி அவன் மேலயே சுடுவோம்!"

அது எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. "பீரங்கி! பீரங்கி!" என்று கூட்டம் குதித்தது. ஜெந்திலே மட்டும் விடவில்லை. "என் அம்மா சீதனமாக் குடுத்த அண்டா அவன் தொடையில இருக்கு. அதுக்குப் பதில் சொல்லிட்டு என்ன வேணா ஊத்துங்க" என்றாள்.

"எந்தத் தொடை?"

"இடது! நான் கண்ணால பாத்தேன்."

சிரிப்பு அடங்கியதும் சம்மட்டிகளோடு ஆட்கள் சிலைமேல் பாய்ந்தார்கள். உலையில் போட வேண்டுமானால் உடைக்கத்தானே வேண்டும். கஸ்பாரே கை நீட்டித் தடுத்தான். "முதுகுப் பக்கம் நான் திறக்குறேன்" என்றான். வார்ப்பின் ஒட்டு எங்கே இருக்கிறது என்பது அவனுக்குத்தான் தெரியும். நாற்காலிக்கு மேலே ஒரு தகட்டை நெம்பி எடுத்தான். உள்ளே அடைத்திருந்த கருமண் வெந்து பொடிந்து கொட்டியது. அவன் தோள்வரை கையை விட்டுத் துழாவி, முக்கி முனகி ஒன்றை வெளியே இழுத்தான்.

துருவேறிய நீண்ட இரும்பு. ஒரு முனையில் வளையம். மறுமுனையில் குழந்தைத் தலை அளவுக்கு ஒரு குமிழ்.

முதலில் அடையாளம் கண்டவர் சாமியார்தான். மணிக்குள் அது ஆடி அடிப்பதை எத்தனையோ வருஷம் தினமும் பார்த்தவர் அவர். "புரூனாவோட நாக்கு" என்றார். குரல் உடைந்துவிட்டது. "ஏசுவே! இது புரூனாவோட நாக்குடா!"

கஸ்பாரே மூச்சு வாங்கினான். "இதையும் லாடம் அடிக்கணும்னு காவலர்கள் எடுத்துக்கிட்டுப் போகப் பாத்தாங்க. உருவத்துக்கு உள்ளே முட்டுக் குடுக்க இரும்பு வேணும்னு பொய் சொன்னேன். வெண்கலத்தை உருக்குற சூடு இரும்பை ஒண்ணும் பண்ணாது. அவன் வயித்துலயே ஒளிச்சு வெச்சேன். அங்க எவனும் தேடமாட்டான்ல?"

தத்தேயாவுக்குச் சிரிப்பதா அவனை அறைவதா என்று தெரியவில்லை. "கட்டின பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? இத்தனை வருஷம் கிணத்தடியில நான் பட்ட பாட்டுக்கு..."

"சொல்லியிருந்தா அன்னைக்கே கிணத்தடியில கத்தியிருப்ப."

அவன் சொன்னது உண்மை. நிச்சயமாகக் கத்தியிருப்பாள்.

அந்த இரும்பைத் தொட்டுப் பார்க்கக் கூட்டம் முண்டியடித்தது. கிழவர்கள் முத்தமிட்டார்கள். ஒருத்தி அழுதுகொண்டே தன் கல்யாணத்தைப் பற்றி யாரும் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள். "மணி! மணிதான் வேணும்!" என்று எங்கிருந்தோ ஒரு குரல் கிளம்பியது. பீரங்கிக்குக் குதித்த அதே கால்கள் இப்போது மணிக்குக் குதித்தன.

எர்கொலானோ கடுப்பாகிவிட்டான். "பைத்தியமா உங்களுக்கு? மணிய அடிச்சா குண்டு வருமா?"

"பீரங்கி செஞ்சா யாரு சுடுவா, நீயா?" என்று தத்தேயா கேட்டாள். "போன திருவிழாவுல வெடி வெச்சு உன் புருவத்தை நீயே பொசுக்கிக்கிட்ட."

"நான் உயிரைப் பத்திப் பேசுறேன், தத்தேயா. விளையாடாதே."

அவன் குரலில் இருந்த பயம் அவளுக்குக் கேட்டது. அவள் கொஞ்சம் இறங்கி வந்தாள். "நானும் அதைத்தான் பேசுறேன், தலைவரே. பீரங்கிக்கு ஒரு வாய். ஒரு தடவ கத்திட்டு மூச்சு வாங்கும். மணி கத்தினா கீழ்ப்பள்ளத்தாக்குல இருக்குற அத்தனை ஊரும் கெளம்பி வரும். அவன் ஏன் முதல்ல மணிய இறக்கினான்னு நெனக்கிற? ஊர்ல எவன் வீட்டுக் கத்தியையும் அவன் பிடுங்கல. மணியத்தான் பிடுங்கினான்."

கஸ்பாரேயும் சொன்னான்: "பீரங்கி ஊத்தி எனக்குப் பழக்கமில்ல. ஊத்தச் சொன்னா ஊத்துறேன். ஆனா உள்ளுக்குள்ள ஒரு குமிழி இருந்தாலும் முன்னாடி நிக்கிறவன் தப்பிச்சுடுவான், பின்னாடி நின்னு திரி வைக்கிறவன் போய்ச் சேந்துடுவான்."

எர்கொலானோ பொசுங்கி முளைத்த புருவத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான். "சரி, மணியே ஊத்துங்க" என்றான்.

ஆனால் சிக்கல் ஒன்று இருந்தது. அண்டாச் செம்பு கலந்ததால் சிலையின் வெண்கலம் மென்மையாகிவிட்டது. இப்படியே மணி வார்த்தால் பானையைத் தட்டியதுபோல்தான் கேட்கும். மணிக்குக் குரல் வருவது வெள்ளீயத்தால். நிறைய வெள்ளீயம் வேண்டும். அது கடல் தாண்டி வருகிற சரக்கு. மலையூரில் எங்கே போவது?

யோசித்துக்கொண்டே நின்ற தத்தேயா திடீரென்று தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அவனோட ஆர்கன்!"

கோட்டைக்குள் ரனூச்சோ தனக்கென்று ஒரு சின்னக் கோயில் கட்டி, அதில் சுவர் நிறைய குழாய்கள் வைத்த ஓர் ஆர்கனை வாங்கி நிறுத்தியிருந்தான். அத்தனையும் வெள்ளீயம் என்று சொல்லி வாங்கிய பளபளக்கும் குழாய்கள்.

"அது கடவுளுக்குப் பாடுற வாத்தியம்!" என்று சாமியார் பதறினார்.

"இதுவரைக்கும் அவனுக்குத்தானே பாடுச்சு சாமி? இனிமேதான் கடவுளுக்குப் பாடப் போகுது."

சாமியார் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் கோட்டை மேட்டில் ஏறினார்.

அன்று சாயங்காலம் ரோக்கஃபெர்ரா தெருக்களில் நடந்த கூத்தை அதற்குப் பிறகு ஊர் பார்த்ததில்லை. ஆணும் பெண்ணுமாகக் குழாய்களைத் தோளில் சுமந்துகொண்டு இறங்கினார்கள். கிடைத்த குழாயில் எல்லாம் வாயை வைத்து ஊதினார்கள். ஒன்று மாடுபோல் கத்தியது, ஒன்று பூனைபோல். ஊதத் தெரியாதவன் அதை வைத்து அடுத்தவன் முதுகில் அடித்தான். ஜெந்திலே ஒரு பெரிய குழாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாப்பிள்ளையோடு வருவதுபோல் நடந்து வந்தாள்.

ஆனால் எல்லாக் குழாயும் வெள்ளீயம் இல்லை. விற்றவன் பாதிக்குக் காரீயத்தைக் கலந்து ரனூச்சோவை ஏமாற்றியிருந்தான். காரீயம் உலையில் சேர்ந்தால் மணி ஊமையாகிவிடும். கஸ்பாரே ஒரு குழாயைக் காதருகே பிடித்து வளைத்துக் காட்டினான். உள்ளுக்குள் கரகரவென்று ஒரு முனகல் கேட்டது.

"கேட்டீங்களா? வளைச்சா அழும். அழுதா அது நல்ல வெள்ளீயம். பேசாம வளைஞ்சு குடுத்தா காரீயம், தூக்கிப் போடுங்க."

அவ்வளவுதான். சதுக்கத்தில் எல்லோரும் உட்கார்ந்து குழாய்களை வளைத்துக் காதில் வைத்துக்கொண்டார்கள். "இது அழுது!" "இது அழலடா, கல்நெஞ்சு!" "இங்க குடு, என் மாமியாரைவிட நல்லா அழுது!" இத்தனை வருஷம் கஸ்பாரேயைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் இப்போது "மேஸ்திரி, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று வரிசையில் நின்றார்கள். தத்தேயா தூரத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். குழாயை வளைக்க மறந்துவிட்டாள்.

வார்ப்புக்குழியைச் சதுக்கத்திலேயே வெட்டினார்கள். களிமண்ணால் மணியின் உள்வடிவம் எழும்பி, அதன்மேல் மெழுகு பூசியபோது கோடை பாதி கழிந்திருந்தது. மெழுகில் எழுத்தும் பூவும் வைப்பது தத்தேயாவின் வேலை. சாமியார் லத்தீனில் ஒரு வரி எழுதிக்கொடுத்தார், வைத்தாள். பிறகு ஜெந்திலே வந்து, "என் அண்டா இதுல இருக்குன்னு பின்னாடி எவனுக்குத் தெரியும்?" என்று சண்டை பிடித்தாள். தத்தேயா அவள் விரல்களைப் பிடித்து மெழுகில் அழுத்தினாள். அதைப் பார்த்துவிட்டு அண்டா பறிகொடுத்தவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். ஒருத்தி விரலைப் பதித்தாள், ஒருத்தி சாவியை, ஒருத்தி தன் முக்காட்டின் பின்னல் விளிம்பை, ஒருத்தி துளசி இலையை. மணியின் விளிம்பு முழுக்க ஊர்ப் பெண்களாகவே ஆகிவிட்டது. மெழுகு உருகி ஓடினாலும் அந்தத் தடம் அதன்மேல் அப்பும் வெளி மண்ணில் நிற்கும், பிறகு வெண்கலத்தில் வரும்.

வார்த்தது ஒரு விடிகாலையில். துருத்தி மிதிக்க ஆட்கள் முறை வைத்து நின்றார்கள். ரனூச்சோவின் கை போயிற்று, முழங்கால் போயிற்று. தலை கடைசியில் மிஞ்சியது. அதைக் காறித் துப்புவதற்காக வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் கேட்டார்கள். "துப்பிக்கிட்டே இருந்தா அவனை நெனச்சுக்கிட்டேதான் இருக்கணும்" என்று எர்கொலானோ தலையைத் தூக்கி உலையில் எறிந்தான். தீ பச்சையாகச் சீறியது. கஸ்பாரே அடைப்பைக் குத்தித் திறந்தான். வெண்கலம் வெள்ளை வெளேரென்று வாய்க்காலில் ஓடி மண்ணுக்குள் இறங்கியபோது தத்தேயா தன்னை அறியாமல் ஜெந்திலேயின் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள். குழியின் வாயில் வெண்கலம் நிரம்பித் ததும்பி நின்றது. கஸ்பாரே தலையசைத்தான்.

மண் ஆறவில்லை, அதற்குள் மலைப்பாதையில் தூசி கிளம்பியது.

எர்கொலானோ பந்தயத்தில் ஜெயித்துவிட்டான். ரனூச்சோ கூலிப்படையோடு வந்துகொண்டிருந்தான்; குதிரைகளும் ஈட்டிகளும் பாலத்தைத் தாண்டிவிட்டன. ஊர் வாசல்களை அடைத்தார்கள். மதில்மேல் கல்லைக் குவித்தார்கள். எர்கொலானோ குழிக்கு ஓடிவந்தான். "மேஸ்திரி, இப்பவே தூக்கு!"

"சூட்டோட தூக்கினா விரிஞ்சிடும்."

"எவ்வளவு நேரம்?"

"வெளியே எவ்வளவு நேரம் தாங்குவீங்க?"

"நீ எவ்வளவு நேரம் கேக்குறியோ அவ்வளவு நேரம்" என்று சொல்லிவிட்டு எர்கொலானோ மதிலுக்குத் திரும்பி ஓடினான்.

கஸ்பாரே குழியோரம் மண்டியிட்டு மண்ணில் உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்தான். வாசலில் ரனூச்சோவின் தூதுவன் ஊரைச் சரணடையச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான். எர்கொலானோ அவனிடம் சாவி தொலைந்துவிட்டது, தேடுகிறோம் என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தான். சாவியின் நீளம், துரு, கடைசியாக அதைப் பார்த்தது யார் என்று அவன் பேச்சை வளர்த்த விதத்தை மதில்மேல் இருந்தவர்கள் பிறகு பல நாள் சொல்லிச் சிரித்தார்கள்.

நண்பகலுக்குப் பிறகு கஸ்பாரே எழுந்தான். "தோண்டுங்க."

மண்வெட்டி, கரண்டி, கை, எது கிடைத்ததோ அதனால் தோண்டினார்கள். மணியில் இன்னும் சூடு இருந்தது. தடித்த சாக்கைச் சுற்றிக் கயிறு கட்டி, குழிக்கு மேலே நட்டிருந்த மரச்சட்டத்தில் ஏற்றினார்கள். கருத்து, சொரசொரப்பாக, மண் ஒட்டிக்கொண்டு தொங்கியது. அதன் வயிற்றுக்குள் பழைய இரும்பு நாக்கை மாட்டினார்கள். கயிற்றை யார் முதலில் பிடிப்பது என்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நீங்கதான்" என்றாள் தத்தேயா.

கஸ்பாரே கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான்.

அந்தச் சத்தம் அவள் பாதத்தின் வழியாக ஏறி வயிற்றைப் பிடித்தது. பழைய மணியைவிடப் பெரியது இது. குரலும் தாழ்ந்தது, தடித்தது. மதில்கள் அதைத் திருப்பிக் கொடுத்தன. கஸ்பாரே மறுபடி இழுத்தான், மறுபடி. பிறகு நிறுத்தி, கை உயர்த்தி எல்லோரையும் அடக்கினான்.

கீழ்ப்பள்ளத்தாக்கிலிருந்து, மெல்ல, ஒரு மணி பதில் சொன்னது. அதற்குப் பின்னால் இன்னொன்று. ஆற்றுக்கு அக்கரையிலிருந்து மூன்றாவது. ரோக்கஃபெர்ராவுக்கு வாய் திரும்பிவிட்டது என்று ஊருக்கு ஊர் சொல்லிக்கொண்டே போயின.

தத்தேயா மதில்மேல் ஏறிப் பார்த்தாள். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே பாதைகளில் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். மண்வெட்டி, அரிவாள், கவைக்கோல். எல்லா ஊருக்கும் ரனூச்சோவிடம் ஒரு கணக்கு இருந்தது. கீழே கூலிப்படைக்காரர்கள் குதிரைமேல் திரும்பித் திரும்பி மலைச்சரிவைப் பார்த்தார்கள். அவர்களுடைய தலைவன் ரனூச்சோவிடம் ஏதோ கேட்டான். ரனூச்சோ கையை ஆட்டி ஆட்டிப் பேசினான். தலைவன் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுக் குதிரையைத் திருப்பினான். மற்றவர்களும் திருப்பினார்கள். முதலில் நடையாக, பாலம் நெருங்கியதும் ஓட்டமாக. வெண்கலத்தில் கையை ஓங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் அவர்களுக்குப் பின்னால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு போனான்.

மதில்மேல் ஆட்டம் போட்டார்கள். வந்த ஊர்க்காரர்களுக்கு வாசல் திறந்து பீப்பாய்களை உருட்டினார்கள். அந்தச் சந்தடியிலும் கிழவிகள் சிலர் மணிக்குக் கீழே நின்று, "நல்லாத்தான் இருக்கு, ஆனா இது புரூனா இல்ல. அவ குரல் இன்னும் மெல்லிசு" என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். "இவ சாப்பிட்டு வந்திருக்கா. என் அண்டா மட்டுமே எவ்வளவு கனம் தெரியுமா?" என்று ஜெந்திலே அவர்களிடம் மல்லுக்கு நின்றாள். கஸ்பாரேயை யார் யாரோ தோளில் கைபோட்டு இழுத்துப்போய்க் கிண்ணத்தை நீட்டினார்கள். அவன் ஒரு வாய் குடிப்பதும் காதைத் தீட்டி மணியைக் கேட்பதுமாக இருந்தான்.

மணி நிற்கவே இல்லை. எர்கொலானோ மதிலிலிருந்து இறங்கி வந்து கயிற்றைப் பிடித்தவன் விடமாட்டேன் என்கிறான். சட்டை வியர்வையில் ஒட்டிப்போயிருந்தது. உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

"குடுய்யா, மத்தவங்களும் அடிக்க வேணாமா?" என்றாள் தத்தேயா.

"இன்னும் ஒரு தடவ" என்றான் எர்கொலானோ.

"இதைத்தான் அப்போலேருந்து சொல்ற."

அவன் சிரித்துக்கொண்டே நகர்ந்தான். தத்தேயா முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு கயிற்றை வாங்கினாள். உடம்பு பூராவும் கொடுத்து இழுத்தாள்.